பாதியில் இறங்கியவர்

கடவுளாக வேஷம் கட்டி நிற்கிற ஒரு மனிதரிடம் ஒரு தாய் தன் பிள்ளையைத் தூக்கி நீட்டினால், அவள் நீட்டியது யாரிடம்? ஐந்து வருஷமாக இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்திருக்கிறேன். ஞானோபதேச வகுப்பில் பரிசும் வாங்கியிருக்கிறேன். இருந்தும் தெரியவில்லை. கேட்ட இரண்டு சாமியார்களும் இரண்டு விதமாகச் சொன்னார்கள். என் கணவர், மில்லில் ஷிப்டு முடிந்து வருகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

அந்த மனிதரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம். எழுதினால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். எழுதாவிட்டாலும் தெரிந்துவிடும் என்று இப்போது தோன்றுகிறது. இருந்தாலும் வேண்டாம்.

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற பஸ்ஸில் பாதியில் இறங்கி இரண்டு மைல் நடந்தால் எங்கள் ஊர். நாற்பது வீடு வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். பெரிய வெள்ளிக்கிழமையன்று கோவில் முன்னால் பாஸ்கு நடக்கும். சேசுநாதர் பாடுபட்டு மரித்ததை நாடகமாக நடிப்பதற்குத்தான் அந்தப் பெயர். மற்ற ஊர்களில் ராத்திரியில் நடத்துவார்கள். எங்கள் ஊரில் பட்டப்பகலில், வெயிலில். சிலுவையைக் கிழக்குப் பார்த்து நடுவார்கள். இரண்டு மணிக்கு மேல் அதன் நிழல் முன்பக்கம் விழும். நோய்ப்பட்ட பிள்ளைகளை அந்த நிழலில் கொண்டுபோய் வைத்திருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வேதக்காரர்கள் மட்டுமல்ல, சுற்றுப்பட்டியில் எல்லோரும் வருவார்கள். ஒரு வருஷம் பந்தல்குடியிலிருந்துகூட வண்டி கட்டி வந்தார்கள்.

அந்தச் சிலுவையில் பன்னிரண்டு வருஷம் தொங்கியவர் அவர். மற்ற நாட்களில் கரிமூட்டம் போடுகிறவர். சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, மேலே மண் பூசி மூடி, உள்ளே நெருப்பு வைத்து, புகை வெள்ளையாக வருகிறதா நீலமாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நாள் கணக்காக உட்கார்ந்திருக்கிற வேலை. நகக்கண், காதுமடல், கண்ணிமை எல்லாம் கரி. பெரிய வெள்ளிக்கு முன்னால் வருகிற தபசுகாலம் தொடங்கியதும் மூட்டம் போடுவதை நிறுத்திவிட்டு, சீயக்காயும் தேங்காய் நாரும் வைத்து உடம்பைத் தேய்க்க ஆரம்பிப்பார். நாற்பது நாள் தேய்த்தாலும் முழுதாகப் போகாது. அதற்கு மேல், கோவிலில் ஜெபம் சொல்லிக்கொடுத்து நாடகத்தையும் நடத்துகிற உபதேசியார் ரோஸ் பவுடர் அப்புவார். அரை மணி வெயிலில் வேர்வை வழிந்து முகத்தில் கறுப்புக் கோடுகள் ஓடும். தச்சு வேலை பார்த்த சேசுநாதர் வெயிலில் கறுத்திருக்க மாட்டாரா என்று உபதேசியாரிடம் கேட்டிருக்கிறார். காலண்டரில் எப்படி இருக்கிறாரோ அப்படித்தான் இருக்க வேண்டும் என்று பதில் வந்தது.

அவருக்கு எழுத்துத் தெரியாது. வசனத்தை யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று தபசுகாலம் அந்த வேலை எனக்கு. என் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை என்பதால் வீட்டில் அனுப்பினார்கள். கோவிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நான் நோட்டைப் பார்த்து வாசிப்பேன், அவர் திருப்பிச் சொல்வார். எந்த வரியையும் இரண்டு தடவைக்கு மேல் வாசித்ததாக ஞாபகம் இல்லை. ஆனால் வரிக்கு வரி கேள்வி கேட்பார்.

சிலுவையில் தொங்கும்போது தாகமாக இருக்கிறது என்று சொல்கிற இடம் வந்தது.

“இதச் சொல்றது யாரு தாயி? சாமியா, மனுசனா?”

சேசுநாதர் என்றேன்.

“அதான் கேக்குறேன். சாமிக்குத் தாகம் எடுக்காது. மனுசனுக்குத்தான் எடுக்கும். சாமிதான் மனுசனா வந்தாருன்னா அந்தத் தாகம் யாருக்கு?”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் கேட்டேன். ஆள் ஒன்று, சுபாவம் இரண்டு என்றார். முழுக்கக் கடவுள், முழுக்க மனிதன், ஒன்றோடொன்று கலக்கவும் இல்லை, ஒன்றை விட்டு ஒன்று பிரியவும் இல்லை. அதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பித்தேன். அவர் வேப்பங்குச்சியால் மண்ணைக் கீறிக்கொண்டே இருந்தார். பிறகு, எரிகிற கரியில் எது கரி, எது தீ என்று பிரித்துக் காட்ட முடியாதே, அது மாதிரியா என்று கேட்டார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அதேதான் சித்தப்பா என்றேன். மறுநாள் அவரே அதைக் கலைத்தார்.

“அது சரிப்படாது தாயி. தீ கரியத் தின்னுரும். கடைசில சாம்பல்தான் மிஞ்சும். சாமி வந்து அந்த மனுசனத் தின்னலையே.”

மறுபடியும் எங்கள் இருவருக்கும் ஒன்றும் தெரியாமல் போனது. இப்போது நினைத்தால், பரிசு வாங்கிய நான் அந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. என்ன சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் தெரியவில்லை.

இந்தக் குழப்பத்தைக் கடக்க அவர் தனக்கென்று ஒரு வழி வைத்திருந்தார். வேஷம் கட்டினால் தான் இல்லை, அவிழ்த்துவிட்டால் சேசுநாதர் இல்லை என்பார். இரண்டையும் கலக்க விடவே மாட்டார். தாடியும் முடியும் வைத்துக் கட்டிய பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். அவருடைய சினை ஆட்டை நாய் குதறிவிட்டது என்று ஒரு வருஷம் நாடகத்துக்கு நடுவிலேயே வந்து சொன்னார்கள். யாரோ யாருடைய ஆட்டையோ பற்றிப் பேசுவது போல நின்றார். நாடகம் முடிந்து காலைத் தொட்டுக் கும்பிட வருகிற பெண்களிடம், கட்டுமுடியைக் கழற்றி ஒட்ட வெட்டிய தலையைக் குனிந்து காட்டுவார். “பாரு ஆத்தா, கரிமூட்டக்காரன். எந்திரி.”

அந்த நாற்பது நாளும் வீட்டுக்குப் போகாமல் கோவில் வளாகத்திலேயே தங்குவார். சோறு மட்டும் வீட்டிலிருந்து வரும். அவர் மனைவி தூக்குச்சட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு என்னிடம் நியாயம் கேட்பாள். “வேஷம் கட்டுனா இவுக இல்லையாம், அவுத்தா அவரு இல்லையாம். ரெண்டு பேருக்கும் சோறு பொங்குறவ மட்டும் நான் ஒருத்தி. காரம் ஆகலைன்னு நேத்து சட்டிய திருப்பி அனுப்புனது ரெண்டு பேருல யாருன்னு கேளு தாயி.” அவர் சிரிக்க மாட்டார். யாருக்குக் காரம் ஆகவில்லை என்று உண்மையிலேயே யோசிக்கிறவர் போல இருப்பார்.

கட்டெறும்பு விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஒரு வருஷம் சிலுவை மரத்தின் பொந்தில் கட்டெறும்பு கூடு வைத்திருந்தது யாருக்கும் தெரியவில்லை. மரத்தைத் தூக்கி நட்டதும் சாரை சாரையாக அவர் காலில் ஏறின. ஈட்டி பிடித்து நின்ற சேவகன் அவருடைய மச்சினன்தான். அவன் பதறிப்போய் ஈட்டிக் கம்பால் தட்டிவிடப் பார்த்தான். அவர் தலையை அசைத்து வேண்டாம் என்றார். ஒரு வசனம் விடாமல் சொல்லி முடித்து, சமயம் ஆனதும் தலையைச் சாய்த்தார். இறக்கியபோது முழங்கால் வரை தடித்துக் கிடந்தது. அதிலிருந்து, இந்த மனிதர் எதற்காகவும் நடுவில் அசைய மாட்டார் என்று ஊர் முழுக்க ஒரு நம்பிக்கை. தபசுகாலம் தொடங்குகிற சாம்பல் புதனன்று பீடத்தின் முன்னால் அவர் கொடுக்கிற வார்த்தைப்பாடும் அதுதான்: கல்லறையில் வைக்கும் வரை வேஷம் கலைக்க மாட்டேன்.

எனக்கு அத்தை மகனோடு உள்ளூரிலேயே கல்யாணம் ஆனது. மகள் பிறந்து ஒன்றரை வயதில் அவளுக்குக் காய்ச்சல். இரண்டு நாளாக இறங்கவில்லை. வியாழக்கிழமையே அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோகலாம் என்று நினைத்தேன். என் கணவர் மில்லில் இருந்தார். மறுநாள் பெரிய வெள்ளி, நிழலில் வைத்து எடுத்தால் சரியாகிவிடும் என்றார் அத்தை. நான் எதிர்த்துப் பேசியிருக்கலாம். படித்தவள்தானே. பேசவில்லை. அத்தைக்குப் பயந்து பேசவில்லையா, நிழலை நம்பிப் பேசவில்லையா என்பதைக்கூட என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். குறுக்குக் கட்டையின் நிழல் பிள்ளையின் மேல் விழுந்தது. தரையெல்லாம் கொதித்தது. மேலே அவர் தொங்கிக்கொண்டிருந்தார். கையைக் கயிற்றால் கட்டி, ஆணி அடித்த மாதிரி சாயம் பூசியிருப்பார்கள். கீழே நிற்கிறவர்கள் ஏளனம் செய்கிற இடம் நடந்தது: கடவுளின் மகன் என்றால் இறங்கி வரச் சொல்லிக் கத்த வேண்டும். எல்லோரும் நன்றாகக் கத்தினார்கள். அப்போது பிள்ளைக்கு இழுக்க ஆரம்பித்தது. கண் மேலே செருகி, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை.

நான் எழுந்தேன். பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்தி, சிலுவையைப் பார்த்துத் தூக்கினேன். அதுதான் ஞாபகம். வாயைத் திறந்தேனா என்று தெரியாது. பக்கத்தில் இருந்த பெண்களில் இரண்டு பேர் நான் அலறினேன் என்கிறார்கள், ஒருத்தி நான் மூச்சே விடவில்லை என்கிறாள்.

அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். “ஏலே, கயித்த அவுத்து விடு” என்றார் மச்சினனிடம்.

“சித்த பொறு மச்சான். இன்னும் ரெண்டு வசனம்தான்.”

“அவுருலே.”

கூட்டம் அது நாடகத்தில் சேர்ந்தது என்றே நினைத்தது. யாரோ ஒரு பெண் அழக்கூடச் செய்தாள். அவர் ஒரு கையைத் தானே பிய்த்துக்கொண்டு, மறு கையை அவன் அவிழ்க்கக் குதித்து, என் கையிலிருந்து பிள்ளையைப் பறித்துக்கொண்டு ஓடினார். கரி ஏற்ற வந்த லாரி ஒன்று ஊர் எல்லையில் நின்றது. டிரைவர் பாஸ்கு பார்க்க வந்திருந்தார். அவரும் பின்னால் ஓடிவந்து வண்டியை எடுத்தார். நான் எப்படி ஏறினேன் என்று தெரியாது. முள்முடியும் இடுப்புத்துணியுமாக அவர் பிள்ளையை மடியில் ஒருபக்கமாகச் சாய்த்துப் பிடித்து, டிரைவரின் தண்ணீரில் துணியை நனைத்து நெற்றியிலும் நெஞ்சிலும் போட்டுக்கொண்டே வந்தார். திருச்சுழி தாண்டியபோது இழுப்பு நின்றது. பிள்ளை துவண்டு கிடந்தாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸு அவரைப் பார்த்துவிட்டு, முதலில் இவரைப் படுக்க வையுங்கள் என்று சத்தம் போட்டாள். “எனக்கு ஒண்ணுமில்ல தாயி, இது சாயம். பிள்ளையப் பாரு” என்றார். பிள்ளைக்கு ஊசி போட்ட பிறகு பஞ்சை நனைத்துக்கொண்டு அவரிடம் வந்தாள். நெற்றியைத் துடைத்தாள். சாயம் போனது. மறுபடியும் சிவப்பு வந்தது. ஓடும்போது முள் ஏறியிருக்கிறது. எது வரை சாயம், எது முதல் ரத்தம் என்று அவளுக்குத் தெரியவில்லை. “பேசாம உக்காருங்க” என்று அதட்டிக்கொண்டே துடைத்தாள்.

மகள் பிழைத்துக்கொண்டாள். ஊருக்கு அது போதவில்லை. அந்த வருஷம் சேசுநாதர் சாகவில்லை, அதனால் ஞாயிற்றுக்கிழமை உயிர்க்கவும் இல்லை என்று பேசினார்கள். மழையும் வழக்கம் போல ஏமாற்றியது. மிளகாய்ச் செடி பூவோடு கருகியது. எல்லாவற்றுக்கும் காரணம் சொல்ல ஓர் ஆள் கிடைத்துவிட்டார். ஊர்ப் பெரியவர்கள் கூட்டம் போட்டார்கள். பங்குச் சாமியார் வந்து இதில் பாவம் ஒன்றும் இல்லை என்றார். பாவமா இல்லையா என்பது சாமியார் பாடு, வார்த்தைப்பாடு மீறியதா இல்லையா என்பது ஊர்ப்பாடு என்றார்கள். பிள்ளையின் தாய் கூப்பிட்டிருந்தால், ஆபத்துக்குக் கூப்பிட்ட குரலுக்கு இறங்கியதாக ஆகும். தானாக இறங்கியிருந்தால் மீறியதுதான். ஆகவே என்னைக் கேட்டார்கள்.

அதற்கு முன்தினமே அத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். நிழலுக்குக் கொண்டுபோனவள் நம்பிக்கையில்லாமல் நடுவில் மனிதரைக் கூப்பிட்டாள் என்று பெயர் வாங்கிவிடாதே, ஆண்டவரிடம் வேண்டினேன் என்று சொல். அதையே சொன்னேன்.

“நான் ஆண்டவர்கிட்டத்தான் வேண்டுனேன். அவுகளக் கூப்பிடல.”

அது பொய் என்று அப்போது தோன்றவில்லை. உண்மை என்றும் தோன்றவில்லை. அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு பெரியவர்களிடம் என்னைக் காட்டி, “ஆமா, அந்தப் பிள்ள என்னையக் கூப்பிடல” என்றார்.

இனி வேஷம் கிடையாது என்று முடிவானது. அடுத்த வருஷம் வேறொருவரை ஏற்றினார்கள். அவர் சிலுவையில் தொங்கிக்கொண்டே காலால் காலைச் சொறிந்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். அதற்கடுத்த வருஷத்தோடு பாஸ்கு நின்றுபோனது. ஊர் போட்ட தண்டனை வேஷத்தோடு சரி. ஆனால் இறங்கிய அந்த மனிதர் தானாகவே இன்னொன்றும் செய்தார். பூசைக்கு வருவார், கோவிலுக்குள் வரமாட்டார். வாசலில் நின்றுவிட்டு, எல்லோரும் நன்மை வாங்க, அதாவது சாமியார் நாக்கில் வைக்கிற அப்பத்தை வாங்கப் போகும் நேரத்தில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

நாங்கள் அருப்புக்கோட்டைக்குக் குடிவந்த பிறகு ஒரு நாள் திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். கரிச் சாக்குகளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிள்ளை நன்றாக இருக்கிறாளா என்று கேட்டார். இருக்கிறாள் என்றேன். ஏன் சித்தப்பா நன்மை வாங்கவில்லை, சாமியார்தான் பாவம் இல்லை என்றாரே என்று நானே கேட்டேன்.

“சாமியார் சொல்லிட்டாரு. எனக்குக் கணக்கு ஒத்துவரல தாயி. நான் எறங்கிட்டேன். அவரு எறங்கல. என்னைய விட அவருக்குச் சத்து உண்டுல்ல? அவரு காலுக்குக் கீழயும் யாராச்சும் பிள்ளைய வச்சுக்கிட்டு நின்டிருப்பாள்ல?”

எல்லாப் பிள்ளைகளுக்காகவும்தான் அவர் இறங்காமல் இருந்தார் என்றேன். ஞானோபதேசத்தில் படித்த பதில். அவர் தலையாட்டினார்.

“எல்லாப் பிள்ளைக்கும்னா சரிதான். அந்தா முன்னால நிக்கிற ஒண்ணுக்கு?” ஒரு சாக்கின் வாய்க்கட்டை இறுக்கிக்கொண்டே சொன்னார். “நான் செஞ்சது சரின்னா அவரு செஞ்சது என்ன? அவரு செஞ்சது சரின்னா நான் செஞ்சது என்ன? அது தெரியாம நாக்க நீட்டி எப்படி வாங்க? பன்னெண்டு வருசம் அவரு வேசம் கட்டியிருக்கேன். அவரு இப்படித்தான்னு நெனச்சுத்தான் எறங்குனேன். அவரு இப்படி இல்லையோ என்னமோ.”

பஸ்ஸு வந்துவிட்டது. சாக்குகளை மேலே ஏற்ற எழுந்து போனார்.

பிற்பாடு அருப்புக்கோட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் மகளைக் காட்டியபோது பழைய கதையைச் சொன்னேன். காய்ச்சலில் வருகிற அந்த மாதிரி வலிப்பு பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும் என்றார்கள். அப்படியானால் அவர் இறங்கியிருக்கவே வேண்டாமா? அல்லது என் மகளுக்கு மட்டும் நிற்காமல் போயிருக்குமா? இதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லாதது நல்லதா என்பதும் தெரியவில்லை.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஊருக்குப் புதிதாக ஓர் இளம் சாமியார் வந்திருக்கிறார். வருகிற தபசுகாலத்தில் பாஸ்குவை மறுபடி நடத்த வேண்டும் என்கிறார். அந்த மனிதரே வேஷம் கட்டட்டும் என்றும் சொல்லியிருக்கிறார். பெரியவர்களுக்கும் உள்ளுக்குள் ஆசைதான். ஆனால் பழைய பேச்சை மாற்ற ஒரு முகாந்திரம் வேண்டும். அந்தப் பெண் பூசை முடிந்து எழுந்து நின்று, நான்தான் அவரைக் கூப்பிட்டேன் என்று சொன்னால் போதும் என்கிறார்களாம். இந்தச் செய்தியைக் கொண்டுவந்தவள் அவர் மனைவி. அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லி அனுப்பியதை முதலில் சொன்னாள்: என் பொருட்டு அந்தப் பிள்ளையைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

“அது அவுக சொன்னது. நான் சொல்ல வந்தது வேற. வேசத்த விடு, அது யாரும் கட்டட்டும். அஞ்சு வருசமா வாசல்லயே நிக்கிறாக. நீ கூப்பிட்டேன்னு ஒரு வார்த்த சொன்னா, கூப்பிட்டதுக்குத்தான் போனோம்னு அவுக மனசு ஆறும். உள்ள வந்து நன்மை வாங்குவாக. உனக்கு ஒரு வார்த்ததான தாயி.”

ஒரு வார்த்தைதான். ஆனால் கூப்பிட்டேன் என்று கோவிலில் நின்று சொன்னால், எனக்கே நிச்சயமில்லாத ஒன்றை ஆண்டவர் முன்னால் சத்தியம் போலச் சொன்னதாகும். அன்றைக்கு நான் சொன்னது பொய் என்றும் ஆகும். அத்தை அதே கோவிலில் முன்வரிசையில் இருப்பார். கூப்பிடவில்லை என்று மறுபடி சொன்னால் சித்தப்பா வாசலிலேயே நின்றுவிடுவார். தெரியாது என்று சொல்லலாம், அதுதான் நிஜம். ஆனால் தெரியாது என்பதை வைத்துக்கொண்டு அவர் எப்படி உள்ளே வருவார்?

மகளுக்கு இப்போது ஆறரை வயது. ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. அன்றைக்குப் பிறகு அவர் அவளைப் பார்த்ததும் இல்லை, அத்தை விட்டதில்லை. பிள்ளை பெற்றவர்களும் விஷயம் தெரிந்தவர்களும் தயவுசெய்து எழுதுங்கள். சாம்பல் புதனுக்கு இன்னும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன. நான் எழுந்து என்ன சொல்ல வேண்டும்? அப்படிச் சொல்லப் போகிற அன்றைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா, இல்லை வீட்டில் விட்டுவிட்டுப் போவதுதான் சரியா?